அயல்மொழி இலக்கியமும் தமிழ் மாணாக்கரும்: சிங்கப்பூரில் ஒரு நெடுங்கால விவாதம்

வீட்டில் ஒரு பாஷையும் கல்விக்கூடத்தில் வேறொரு பாஷையுமாக வளர்ந்த மாணாக்கன், சர்வகலாசாலையில் ஆங்கில மொழியையும் அதன் இலக்கியத்தையுமே தன் பிரதான பாடமாக எடுத்துப் பயில்வதனால் அடையும் பயன் யாது என்னும் கேள்வி, ஆங்கிலேயரின் செல்வாக்குப் பரவிய தேசங்களிலெல்லாம் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. கெய்ரோவிலும் அலெக்ஸாண்டிரியாவிலும் அரபு மொழியினர் இதைக் கேட்டனர். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழர் கேட்டனர். நைரோபியில் கேட்டவர்களோ ஆங்கிலத் துறை என்பதையே எடுத்துவிட வேண்டுமென்று கூறும் அளவிற்குச் சென்றனர். சிங்கப்பூரில் இக்கேள்விக்குத் தனியான ஒரு சரித்திரம் உண்டு. அங்கே தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாக அரசியல் அந்தஸ்துப் பெற்றிருப்பினும், கல்வி, வாணிகம், நிர்வாகம் ஆகிய யாவும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. மேலும், கேம்பிரிட்ஜிலிருந்தும் எகிப்திலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்த பல்வேறு விடைகள் அச்சிறு தீவில் ஒன்றையொன்று சந்தித்தன. அவ்விடைகளின் தோற்றத்தையும் குறைகளையும், இன்று அவற்றுள் எவை செல்லுபடியாகும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்பாட்டுப் பயிற்சி என்னும் வாதம்

இவற்றுள் மிகப் பழைய விடை, ஆங்கில இலக்கியம் அறிவையும் ஒழுக்கத்தையும் ஒருங்கே பண்படுத்தும் என்பது. 1835ஆம் ஆண்டில் இந்தியக் கல்வியைப் பற்றி மெக்காலே எழுதிய பிரசித்தமான குறிப்பில் ஆங்கிலத்திற்கு எதிர்க்கட்சியாக நின்றவை அரபியும் சமஸ்கிருதமுமே. மக்கள் பேசும் மொழிகள் உயர்கல்விக்கு ஏற்றவையல்ல என்பதில் இரு தரப்பாரும் உடன்பட்டவர்களென்றே அவர் எழுதினார். ஆகவே தமிழ் போன்ற மொழிகள் அவ்வழக்கில் வாதியாகவும் இல்லை, பிரதிவாதியாகவும் இல்லை. ஆங்கில இலக்கியம் என்னும் பாடம் இங்கிலாந்தின் பழைய சர்வகலாசாலைகளில் வேரூன்றுவதற்கு முன்னரே இந்தியாவில் ஆட்சிக் கருவியாக உருப்பெற்றது என்று கௌரி விசுவநாதன் 1989இல் வெளியிட்ட ‘மாஸ்க்ஸ் ஆஃப் கான்குவெஸ்ட்’ என்னும் நூலில் நிறுவ முயன்றார். அவருடைய முடிபுகள் அனைத்தையும் ஒப்பாதவர்களும், அப்பாடத்தின் பிறப்பு அரசியல் கலப்பற்றதன்று என்பதை இப்போது மறுப்பதில்லை.

சிங்கப்பூரில் இவ்வாதம் சற்று நயமான வடிவில் வந்து சேர்ந்தது. 1928இல் புக்கிட் தீமாவில் வகுப்புகள் தொடங்கிய ராஃபிள்ஸ் கலாசாலையில், 1933 முதல் 1937 வரை ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் ரொனால்ட் பாட்ரல் என்னும் கவிஞர். அவருக்கும் கேம்பிரிட்ஜ் விமர்சகர் எஃப். ஆர். லீவிஸுக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது. பின்னர் பெரும்புகழ் பெற்ற கிரஹாம் ஹஃப் என்னும் விமர்சகரும் அங்கேயே ஆசிரியராக இருந்து, யுத்த காலத்தில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு மீண்டவர். இவர்கள் சார்ந்திருந்த மரபு, ஒரு கவிதையை அதன் சரித்திரத்தினின்றும் ஆசிரியனின் ஜீவிதத்தினின்றும் பிரித்து, ஏட்டிலுள்ள சொற்களை மட்டும் நுணுகி நோக்கும் பயிற்சியைப் போற்றியது. காலனி மாணாக்கனுக்கு இதில் ஒரு கவர்ச்சி இருந்தது. பிறப்பும் குலமும் நாடும் கேளாது, கூர்ந்து படிப்பவன் எவனாயினும் அவனுக்குக் கவிதை தன்னைத் திறந்துகாட்டும் என்னும் உறுதிமொழியே அது.

அவ்வுறுதிமொழி முற்றும் பொய்யென்று சொல்வதற்கில்லை. எனினும், சொற்கள் மட்டும் போதுமென்பவர் தாம் படித்துவந்த விவிலியத்தையும், தேவாலயப் பாடல்களையும், நாற்பருவங்களின் சுழற்சியையும் அறியாமலேயே தம்முடன் வகுப்பறைக்குள் கொண்டுவந்தனர் என்பதும் மெய்யே. இதனைக் கண்டித்தோர் பெரும்பாலும் எடுத்துக்காட்டியது வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் மலரை. வெப்ப நாட்டு மாணாக்கன் கண்டிராத பூவை மனப்பாடம் செய்வது வீணென்று அவர்கள் கூறினர். பல முறை கூறப்பட்டுத் தேய்ந்துபோன இவ்வாதத்தை அப்படியே ஏற்பது எளிதன்று. தோ பாயோ அடுக்குமாடியில் வளரும் தமிழ்ச் சிறுவன் குறிஞ்சிப் பூவையும் கண்டிரான். பாலை நிலத்தின் வெம்மையையும் அறியான். நெய்தலின் உப்பங்கழியோ அவனுக்குக் கொள்கலத் துறைமுகமாய் மாறிவிட்டது. காணாத நிலத்தின் கருப்பொருளைக் கற்றறிந்து சுவைப்பதே இலக்கியக் கல்வியாயின், அந்நியத் தன்மை என்னும் குற்றச்சாட்டு ஆங்கிலத்தோடு நில்லாமல் சங்க இலக்கியத்தின் மேலும் பாயும். எனவே இவ்வாதத்தின் பலவீனத்தை வேறிடத்தில் தேட வேண்டும்: எந்நிலத்தைக் கற்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதே மெய்யான கேள்வி. அக்கேள்வி பகிரங்கமாக வெடித்தது 1960இல்.

என்ரைட் விவகாரமும் அது எழுப்பியதும்

டி. ஜே. என்ரைட் கேம்பிரிட்ஜில் லீவிஸின் செல்வாக்கில் பயின்றவர், கவிஞர். சிங்கப்பூருக்கு வருமுன் அவர் பல நாடுகளில் பணியாற்றியிருந்தார்; அவற்றுள் முதலாவது எகிப்து. 1947 முதல் 1950 வரை அலெக்ஸாண்டிரியாவில் அரபு மாணாக்கருக்கு ஆங்கில இலக்கியம் போதித்த அனுபவத்தை வைத்து 1955இல் ‘அகடெமிக் இயர்’ என்னும் நாவலையும் எழுதினார். அரபு மொழியினருக்கு ஆங்கில இலக்கியம் கற்பித்தவரே, பின்னர்த் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் கலந்த வகுப்பிற்கு வந்தார் என்பது இவ்வாராய்ச்சிக்குப் பொருத்தமானதொரு சந்தர்ப்பம். மற்றொரு பொருத்தமும் உண்டு. 1960 நவம்பரில் மலாயா சர்வகலாசாலையின் சிங்கப்பூர்ப் பிரிவில் அவர் நிகழ்த்திய தொடக்கப் பேருரையின் பொருள் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ். அந்தக் கிரேவ்ஸும் 1926இல் கெய்ரோவில் ஆங்கிலப் பேராசிரியராகச் சிறிது காலம் இருந்தவரே.

உரையின் பெரும்பகுதி நவீன கவிதையின் தாழ்வைப் பற்றியது. அதனால் எவருக்கும் உறக்கம் கெட்டிராது. அதன் தொடக்கத்தில் அவர் சொன்ன சில வார்த்தைகளே புயலை எழுப்பின. சுயாட்சி பெற்று ஓராண்டே ஆகியிருந்த அரசாங்கம், மலாயக் கலாசாரம் ஒன்றைச் சிருஷ்டிக்க முயன்றும், இசைப்பெட்டிகள் முதலியவற்றை ‘மஞ்சள் கலாசாரம்’ என்று தடுத்தும் வந்த காலம் அது. கலாசாரம் என்பது மேலிருந்து திட்டமிட்டு வழங்கப்படுவதன்று, மக்கள் தத்தம் வழியில் வாழ்ந்து உண்டாக்குவதே என்பது என்ரைட்டின் கருத்தின் சாரம். அரசாங்கம் இதை அந்நியர் ஒருவரின் அத்துமீறலாகக் கொண்டு கடுமையாகக் கண்டித்தது. இந்நாட்டில் தங்குவதற்கு அவர் பெற்றிருந்த அனுமதியும் நினைவூட்டப்பட்டது. மாணாக்கர் கூடிக் கல்விச் சுதந்திரம் பறிபோவதாக எதிர்ப்புத் தெரிவித்தனர். சில வாரங்களில் விளக்கங்கள் பரிமாறப்பட்டு விவகாரம் ஓய்ந்தது. என்ரைட் 1970 வரை அங்கேயே பணிபுரிந்தார். 1969இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் இதைப் பற்றியும் எழுதினார்.

இவ்விவகாரத்தைப் பேச்சுரிமையின் வழக்காக மட்டும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆயினும் நம் கேள்விக்கு இதில் வேறொரு பாடம் உண்டு. அன்று கலாசார அமைச்சராக இருந்த எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவில் வளர்ந்த தமிழர். லண்டனில் சட்டம் பயிலச் சென்று, 1940களில் ஆங்கிலத்தில் சிறுகதைகள் எழுதி அங்குள்ள பத்திரிகைகளில் வெளியிட்டவர். ஆங்கில இலக்கியத்தை வெறுத்தவரல்லர் என்பது வெளிப்படை. எனவே 1960இன் சண்டையை ஆங்கிலத்திற்கும் சுதேச மொழிகளுக்கும் இடையே நிகழ்ந்ததாகக் கொள்வது பிழை. ஆங்கிலத்தை முழுவதும் வசப்படுத்திய இரு தரப்பார், அவ்விலக்கியத்தைக் கொண்டு யார் யாருக்கு உபதேசம் செய்யலாம் என்பதைப் பற்றியே வாதாடினர். வாதத்தில் தமிழ்ப் பாஷைக்கோ மலாய் இலக்கியத்திற்கோ உள்ள ஸ்தானத்தை இருவருமே விரிவாகப் பேசவில்லை என்பது நோக்கத்தக்கது.

பேசியவர்கள் வேறிடத்தில் இருந்தனர். 1935இல் ‘தமிழ் முரசு’ தொடங்கிய கோ. சாரங்கபாணி, மலாயா சர்வகலாசாலையில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது அதன் முதன்மை மொழி சமஸ்கிருதமா தமிழா என்னும் சர்ச்சையில் தமிழுக்காக ஓயாது வாதாடி, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று பெயரிட்டுப் பொதுமக்களிடம் நிதியும் திரட்டினார். சாமானியத் தொழிலாளரும் அந்நிதிக்கு உதவினர். துறை 1956இல் சிங்கப்பூரில் தோன்றிச் சில ஆண்டுகளுக்குள் கோலாலம்பூருக்குச் சென்றுவிட்டது. அதன் விளைவை இக்கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

துறப்பதா, தனதாக்குவதா?

ஆங்கிலத்தை விட்டுவிடாமல் அதையே தம் மண்ணின் மொழியாக்க வேண்டும் என்னும் மூன்றாவது நிலை, பேராசிரியர்களிடமிருந்தன்றி மாணாக்கரிடமிருந்தே முதலில் எழுந்தது. 1949இல் மலாயா சர்வகலாசாலை தோன்றியதும், அங்கு பயின்ற வாங் குங்வூ அடுத்த ஆண்டே ‘பல்ஸ்’ என்னும் கவிதைத் தொகுதியை வெளியிட்டார். ஆங்கிலத்துடன் மலாய்ச் சொற்களையும் சீனச் சொற்களையும் கலந்து ‘எங்மால்சின்’ என்றொரு கவிதை மொழியை உண்டாக்கும் யோசனை அம்மாணாக்கரிடையே உலவியது. அப்பெயரில் தமிழுக்கு இடமில்லை என்பதைப் போகிற போக்கில் குறித்துக்கொள்ளலாம். சோதனை நீடிக்கவில்லை, சர்வகலாசாலை விடுதிக்கு வெளியே அம்மொழியைப் பேசுவாரில்லை என்பதே அதற்கு முக்கிய காரணமாயிருக்கக்கூடும்.

இந்நிலையை வாழ்நாட் பணியாக எடுத்துக்கொண்டவர் எட்வின் தம்பூ. தந்தை தமிழர், தாய் தியோச்சூ பெரனாக்கான் மரபினர். மாணாக்கராயிருந்த 1954இல், ‘ஃபஜார்’ என்னும் சோஷலிஸ்டுச் சங்கப் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரைக்காக ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு விடுதலையான எண்மருள் அவரும் ஒருவர். 1956இல் ‘ரிப் ஆஃப் எர்த்’ என்னும் கவிதை நூலை வெளியிட்டார். சில காலம் அரசாங்க உத்தியோகம் பார்த்த பின்னர், 1966இல் ஆங்கிலத் துறையில் ஆசிரியராகச் சேர்ந்து, பின்பு நெடுங்காலம் அதன் தலைமையை வகித்தார். அவருடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி இங்கிலாந்தின் கவிஞர் எவரையும் பற்றியதன்று. ஆப்பிரிக்கர் ஆங்கிலத்தில் எழுதிய கவிதையைப் பற்றியது.

இத்தேர்வு தற்செயலானதெனத் தோன்றவில்லை. ஆப்பிரிக்காவில் அப்போதுதான் இவ்விவாதம் உச்சநிலையில் இருந்தது. காலனியாதிக்கம் தந்த மொழியாயினும் அதைத் தன் அனுபவத்தின் பாரத்தைச் சுமக்கும்படி வளைத்துக்கொள்ளலாம் என்றார் சினுவா அச்செபே. கூகி வா தியாங்கோவோ, 1968இல் தம் நண்பர் இருவருடன் சேர்ந்து நைரோபி சர்வகலாசாலையின் ஆங்கிலத் துறையை ஒழித்து, ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வைத்து மற்றவற்றைச் சுற்றிலும் அமைக்கும் துறையொன்றை நிறுவ வேண்டுமென்று விண்ணப்பித்தார்; பிற்காலத்தில் ஆங்கிலத்தில் நாவல் எழுதுவதையே விடுத்துக் கிக்கூயு மொழிக்குத் திரும்பினார். தம்பூ அச்செபேயின் பக்கம் நின்றவர். பொதுநலவாய நாடுகளின் ஆங்கில இலக்கியமும் சிங்கப்பூர் எழுத்தும் பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டுமென்று உழைத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

இந்நிலைக்குள்ள ஆக்ஷேபங்கள் இரண்டு. முதலாவது, தேசத்தின் ஒற்றுமையைப் பாடும் பொறுப்பு ஆங்கிலக் கவிதைக்கே உரியது, தமிழும் சீனமும் மலாயும் தத்தம் வகுப்பினரின் வீட்டுப் பெருமையைப் பாடினால் போதும் என்னும் பிரிவினை இதனால் வலுப்பட்டது என்பது. இதில் உண்மை உண்டு. ஆனால் குற்றம் முழுவதையும் ஆங்கிலக் கவிஞர் மேல் சுமத்துவது அநியாயம். 1985இல் வெளிவந்த ‘தி பொயட்ரி ஆஃப் சிங்கப்பூர்’ என்னும் தொகுதியில் நான்கு மொழிக் கவிதைகளையும் ஒன்றாகக் கொணர்ந்தவர்களும் அவர்களே. 1995இல் ‘ஜர்னீஸ்’ என்னும் நான்மொழிக் கவிதைத் திட்டம் இணையத்தில் ஏறியபோது, அதற்கெனத் தமிழெழுத்தைத் திரைக்குக் கொண்டுவந்தவர் நா. கோவிந்தசாமி, தமிழ் இணையத்தின் தொடக்க காலச் சாதனைகளுள் அது ஒன்று.

இரண்டாவது ஆக்ஷேபம் உலகியல் சார்ந்தது. ஆங்கிலத்தில் எழுதிய சிங்கப்பூர்த் தமிழர் பலர் ஆங்கிலத் துறையில் பயின்றவரே அல்லர். ராஜரத்தினம் சட்டம் படிக்கச் சென்றவர். ‘எ கேண்டில் ஆர் தி சன்’ என்னும் நாவலை எழுதிய கோபால் பரதம் நரம்பியல் அறுவை மருத்துவர். ‘ராஃபிள்ஸ் பிளேஸ் ராக்டைம்’ எழுதிய ஃபிலிப் ஜெயரத்தினம் வழக்கறிஞராயிருந்தவர். இலக்கியத் துறை எழுத்தாளரை உண்டாக்கும் என்பார்க்கு இது சங்கடமான சான்று. துறை வாசகரை உண்டாக்குகிறது என்று சொன்னால் வாதம் ஓரளவு தப்பும். ஆனால் அதை அளந்து காட்டுவது கடினம்.

மொழி போதும், இலக்கியம் ஏன்?

நடைமுறையில் வென்றது வேறொரு விடை: ஆங்கிலம் தொழிலுக்கும் விஞ்ஞானத்திற்கும் உரிய கருவி, கருவியைப் பழகினால் போதும். 1960களின் இறுதியில் பிரதமர் லீ குவான் யூ சர்வகலாசாலை மாணாக்கரிடையே பேசுகையில், கவிதை இந்நாட்டிற்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்னும் பொருள்படக் கூறியதாகப் பலரும் எடுத்தாளுவர். 1968இல் தென்கிழக்காசிய நாடுகளின் ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கச் சிங்கப்பூரில் வட்டார ஆங்கில மொழி மையம் அமைந்ததும் இப்போக்கின் ஓர் அடையாளம். எட்வர்ட் சயீத் 1980களில் வளைகுடா நாடொன்றின் சர்வகலாசாலையைப் பார்வையிட்டதை ‘கல்ச்சர் அண்டு இம்பீரியலிஸம்’ நூலில் விவரிக்கையில், அங்கே ஆங்கிலத் துறையில் மாணாக்கர் நிறைந்திருந்தும், மில்டனையும் ஆஸ்டினையும் படிப்போரில் மிகப் பலர் விமானக் கம்பெனியிலும் வங்கியிலும் வேலை நாடியே வந்தவர்களென்று வருத்தத்தோடு எழுதுகிறார். பாடமோ பழைமை மாறாதது. படிப்போரின் நோக்கமோ முற்றிலும் வேறு. இப்பொருத்தமின்மையைச் சிங்கப்பூர் தீர்த்துக்கொண்ட விதம், மொழியை ஒரு பாடமாகவும் இலக்கியத்தை வேறொரு பாடமாகவும் பிரித்துவிட்டதே.

மொழிப் பக்கத்தில் விளைந்த ஆராய்ச்சி அற்பமானதன்று. ஜான் பிளாட் 1970களில் சிங்கப்பூர் ஆங்கிலத்தைப் படிநிலைகள் கொண்ட ஒரே தொடர்ச்சியாக விவரித்தார். ஆந்தியா ஃபிரேசர் குப்தா 1994இல், பேச்சுக்கொன்றும் சபைக்கொன்றுமாக அமைந்த இரட்டை வழக்காக அதைக் கண்டார். செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் இடையே நாள்தோறும் நடமாடும் தமிழ் மாணாக்கனுக்குக் குப்தாவின் விளக்கம் புதுமையாகத் தோன்றியிராது. 2000இல் அரசாங்கம் ‘நல்ல ஆங்கிலம் பேசுவோம்’ என்று இயக்கம் தொடங்கியதும், சிங்லிஷ் தேசிய அடையாளமா கல்விக் குறைபாடா என்னும் சச்சரவு மீண்டும் கிளம்பியது. அது இன்னும் ஓயவில்லை. இங்கு அதை விரிக்க அவசியமில்லை.

தமிழுக்கு வரும் ஆதாயம்

தமிழகத்திலிருந்து வந்த விடை மேற்கண்டவற்றினின்றும் வேறுபட்டது. ஆங்கில இலக்கியத்தைப் பயில்வது தமிழை வளம்படுத்துவதற்கே என்பது அது. சுந்தரம் பிள்ளை லிட்டனின் கதையொன்றைத் தழுவி 1891இல் ‘மனோன்மணீயம்’ என்னும் நாடகக் காப்பியம் சமைத்ததும், பாரதியார் ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் சூடிக்கொண்டதும், பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை ‘அமலாதித்தியன்’ ஆக்கியதும் இவ்விடைக்குச் சான்றாக எப்போதும் காட்டப்படுவன. கடன் வாங்கிய விதை நம் வயலில் விளைந்தது என்று இதைப் போற்றுவோர் கூறுவர்.

ஆனால் இச்சான்றுகளைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால், அவற்றுள் எதுவும் ஆங்கிலத் துறையின் விளைவன்று என்பது புலப்படும். சுந்தரம் பிள்ளை தத்துவப் பேராசிரியர். பாரதியார் பட்டம் பெற்றவரல்லர். சம்பந்த முதலியார் வழக்கறிஞர். பிற்காலத்துச் சான்றுகள் இன்னும் சிக்கலானவை. இலங்கையின் க. கைலாசபதி தமிழே பயின்று, பின்னர் பர்மிங்ஹாமில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்ஸனின் மேற்பார்வையில் சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகக் கவிதையோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். நூல் 1968இல் வெளிவந்தது. அவருக்கு ஆங்கிலம் வழியாக அமைந்ததேயன்றி ஆங்கில இலக்கியம் பொருளாக அமையவில்லை. ஆங்கில இலக்கியம் பயின்று அதையே கற்பித்தவர் என்று சொல்லத்தக்கவர் ஏ. கே. ராமானுஜன், அவரோ சங்கக் கவிதையைச் சிகாகோ நூலகத்தில் கண்டெடுத்து, 1967இல் குறுந்தொகைப் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் தந்தார். ஆதாயம் இங்கே எதிர்த்திசையில் ஓடியது. தமிழ் ஆங்கிலத்திற்கு ஈந்தது.

இவ்விடைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: பயில்வோன் தமிழிலும் சமமாக வேரூன்றியிருக்க வேண்டும். சிங்கப்பூரில் அவ்வாறு இரு மொழியிலும் படைத்தவர்கள் இல்லாமலில்லை. இளங்கோவன் தமிழில் புதுக்கவிதையும், தமிழிலும் ஆங்கிலத்திலும் நாடகங்களும் எழுதியவர். ஆயினும் இத்தகையோர் பாடத்திட்டத்தினால் உருவானவர்களல்லர். தம் சொந்த முயற்சியால் இரு கரைகளிலும் கால் பதித்தவர்கள்.

மாணாக்கன் மாறிய நிலை

இதுவரை கண்ட விடைகள் ஒன்றையொன்று மறுப்பினும், ஓர் அனுமானத்தில் யாவும் ஒன்றுபடுகின்றன. மாணாக்கனுக்குத் தமிழ் இயல்பாகவே உண்டு, ஆங்கிலம் மேலே வந்து சேர்வது என்பதே அவ்வனுமானம். பண்படுத்துவோர் அத்தமிழைக் கடக்கச் சொன்னார்கள். துறப்போர் அதற்குத் திரும்பச் சொன்னார்கள். ஆதாயம் தேடியோர் அதற்குச் சேர்க்கச் சொன்னார்கள். அது அங்கே இருக்குமா என்று எவரும் ஐயுறவில்லை.

சிங்கப்பூரில் அவ்வனுமானம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. 1966 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமாயிற்று. ஆனால் பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கே அனுப்பினர். நாட்டின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியான உமறுப்புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழியாயிற்று. லிட்டில் இந்தியாவை அடுத்த பீட்டி சாலையில் உமறுப்புலவர் பெயரால் இன்று தமிழ்மொழி நிலையமொன்று இயங்குகிறது; மற்றப் பாடங்களை வேறு பள்ளிகளில் ஆங்கிலத்திற் பயிலும் மாணாக்கர், தமிழ் ஒன்றுக்காக அங்கே வருகின்றனர். 2020ஆம் ஆண்டின் குடிமதிப்பில், வீட்டில் பெரிதும் பேசும் மொழி ஆங்கிலமென்று கூறிய வாசிகள் நூற்றுக்கு 48.3, பத்தாண்டுகளுக்கு முன் அது 32.3. தமிழ் என்றவர் 2.5. சிராங்கூன் சாலையின் கடைப்பலகைகளில் தமிழ் பளிச்சென்று விளங்குவதைக் கண்டு இவ்வெண்களை மறந்துவிடுதல் எளிது.

ஆகவே இன்று சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியத்தைத் தேர்ந்தெடுக்கும் சிங்கப்பூர்த் தமிழ் மாணாக்கர் பலருக்கு அது அயல்மொழி இலக்கியமன்று. வாசிக்கத் தெரிந்த முதல் இலக்கியம் அதுவே. சங்கப் பாடலை ராமானுஜனின் ஆங்கிலத்திலோ, சிங்கப்பூர் எழுத்தாளர் கனகலதாவின் கதையை மொழிபெயர்ப்பிலோ முதன்முதல் அவர்கள் சந்திக்கக்கூடும். அலெக்ஸாண்டிரியாவில் என்ரைட் எதிர்கொண்ட அரபு மாணாக்கரின் நிலைமைக்கு இது நேர் எதிரானது. அம்மாணாக்கருக்குத் தம் மொழியின் செவ்வியல் மரபு பள்ளியிலும் பள்ளிவாசலிலும் உறுதியாயிருந்தது. ஆங்கிலமே பட்டம் வேண்டிப் பிடிக்கும் பொருள்.

இந்நிலையில் தமிழுக்குச் சர்வகலாசாலையில் உள்ள இடத்தையும் பார்க்க வேண்டும். சாரங்கபாணி பாடுபட்ட இந்திய இயல் துறை கோலாலம்பூரில் தழைத்தது; 1961 முதல் தனிநாயகம் அடிகள் அதற்குத் தலைமை தாங்கினார்; 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடும் அந்நகரிலேயே கூடியது. சிங்கப்பூருக்கு அதனால் கிட்டிய நேரடிப் பயன் குறைவு. 1980இல் நன்யாங் சர்வகலாசாலையும் இணைந்து உருவான தேசியச் சர்வகலாசாலையில் சீன இயலுக்கும் மலாய் இயலுக்கும் துறைகள் உண்டு. தெற்காசிய இயலும் 1999 முதல் பாடமாக உண்டு. தமிழ் இலக்கியத்திற்கென்று தனித்துறை இல்லை. தமிழாசிரியர் பயிற்சி தேசியக் கல்விக் கழகத்தில் நடைபெறுகிறது. தமிழ் மொழியும் இலக்கியமும் பட்டப் படிப்பாகப் பின்னர் வேறொரு சர்வகலாசாலையில் 2006இல் தொடங்கியது. அதில் சேர்வோருள் உத்தியோகம் பார்த்துக்கொண்டே பயில்பவர் மிகுதி. ஆக, ஆங்கில இலக்கியம் ஒரு கூரையின் கீழும் தமிழ் இலக்கியம் மற்றொரு கூரையின் கீழுமாகப் பயிலப்படுகின்றன. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிடும் வகுப்பு அரிது.

ஆங்கில இலக்கியத்தைப் பயில்வதால் தமிழ் அழிந்தது என்று சிலர் கூறுவது ஆதாரமற்றதென்றே எனக்குத் தோன்றுகிறது. தமிழின் பயில்வைக் குறைத்தவை பள்ளிமொழிக் கொள்கையும் வேலைச் சந்தையும். கவிதையையும் நாடகத்தையும் விரும்பிய ஒரு சிறு கூட்டத்தின்மேல் அப்பழியைச் சுமத்துவது பொருந்தாது. அதுமட்டுமன்று, ஆங்கில இலக்கியம் என்னும் பாடமே பள்ளிகளில் மாணாக்கரை இழந்துவருவதாக அதன் ஆசிரியர் நெடுங்காலமாகக் கவலை தெரிவிக்கின்றனர். ஆங்கிலம் வென்ற நாட்டில் ஆங்கில இலக்கியம் வெல்லவில்லை.

தீராதவை

இவ்விவாதத்தில் முடிவு காணாத விஷயங்கள் சில எஞ்சுகின்றன. மொழிபெயர்ப்பில் தமிழை வாசிப்பது தமிழிலக்கியப் பயிற்சியாகுமா என்பது அவற்றுள் ஒன்று. ஆகாது என்பார், ஓசையும் தொனியும் கைவிட்டுப் போவதைச் சுட்டுவர். ஆகும் என்பார், மொழிபெயர்ப்பும் இல்லாவிடில் எதுவுமே கைக்கு வாராது என்பர். இருவர் கூற்றிலும் நியாயமுண்டு; எதனால் மாணாக்கர் மூலத்தை நோக்கிச் செல்கின்றனர் என்று பொறுமையாகக் கவனித்தறிந்தால்தான் ஒருவாறு தெளிவு பிறக்கும்.

மற்றொன்று, கடந்த முப்பது ஆண்டுகளாகத் தமிழகத்திலிருந்து வந்து குடியேறியோரின் பிள்ளைகளைப் பற்றியது. இவர்களுள் பலருடைய வீட்டில் தமிழ் இன்னும் உயிர்ப்போடு உள்ளது. பழைய அனுமானம் இவர்களுக்கு ஓரளவு பொருந்தும். ஒரே வகுப்பில், தமிழை வீட்டில் பேசிவரும் மாணாக்கியும், தமிழை மொழிநிலையத்தில் மட்டும் கேட்டறிந்த மாணாக்கனும் அருகருகே அமர்ந்து ஷேக்ஸ்பியரைப் படிக்கும்போது, இருவருக்கும் ஒரே போதனை முறை ஏற்குமா என்பது இதுகாறும் போதிய அளவு ஆராயப்படாத பொருள். 2014இல் தொடங்கிய வெளிநாட்டுத் தொழிலாளர் கவிதைப் போட்டியில் தமிழிலும் வங்க மொழியிலும் எழுதிய கட்டுமானத் தொழிலாளரின் கவிதைகள் ஆங்கிலத்தில் வாசிக்கப்பட்டபோது, சிங்கப்பூர் இலக்கியம் என்பதன் எல்லை எது என்னும் கேள்வியும் இதனோடு சேர்ந்துகொண்டது.

துறைகளின் பெயர்மாற்றத்தால் இவை தீரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. தேசியச் சர்வகலாசாலையின் ஆங்கிலத் துறை இப்போது மொழியியலையும் நாடகவியலையும் தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்டுள்ளது. நைரோபியில் துறையின் பெயர் மாறியும் ஆங்கிலத்தின் ஆட்சி மாறவில்லை. 1985ஆம் ஆண்டுத் தொகுதியைப் போன்ற நான்மொழி நூலொன்றை ஒரு பருவம் முழுதும் மூலத்தோடு ஒப்பிட்டுக் கற்பிக்க வேண்டுமாயின், ஆங்கில யாப்பையும் தமிழ் யாப்பையும் சமமாக அறிந்த ஆசிரியர் வேண்டும். அவரைத் தமிழ்த் துறை பயிற்றுவிக்குமா, ஆங்கிலத் துறையா, அல்லது இரண்டுமல்லாத தெற்காசிய இயலா என்பது நிர்ணயமாகாதவரையில், அத்தகைய வகுப்பு அமைவது அவ்வப்போது வந்துசேரும் தனிமனிதரின் ஆர்வத்தையே பொறுத்திருக்கும்.